38 குண்டும் 56 குண்டும்

தோட்டத்துச் சைக்கிளின் முன்சக்கரத்தில் 20 குண்டுகள் இருந்தன, பக்கத்துக்குப் பத்தாக. பின்சக்கரத்தில் 18, பக்கத்துக்கு ஒன்பதாக. முன்னவை அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு பருமன். சுமை தாங்கும் பின்னவை கால் அங்குலம். ராலே, ரட்ஜ், ஹெர்குலிஸ் என்று எந்தப் பெயர் பொறித்து இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்திருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது. மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் சைக்கிள் வைத்திருந்தவருக்கு, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவராக இருந்தாலும், இந்த 38 மனப்பாடம்.

இன்று ஈப்போவில் ஒரு பையன் காலால் உந்திக்கொண்டு போகும் ஸ்கேட்போர்டில் 56 குண்டுகள் இருக்கின்றன. நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங், பேரிங்குக்கு ஏழு குண்டு. அவனுடைய தங்கை ஓட்டும் காலுந்து ஸ்கூட்டரில் இரண்டே சக்கரம் என்பதால் 28. அந்தக் குண்டுகளை அவர்கள் ஒரு நாளும் கண்ணால் பார்க்காமலே ஓட்டி முடித்துவிடலாம். எஃகு வளையங்களுக்கு நடுவே, கறுப்பு மூடிக்குள், அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் பார்க்காமல் முடியாது. அச்சு நட்டைக் கழற்றி, பூட்டு நட்டைக் கழற்றி, கோனைத் திருகி எடுத்தால் குண்டுகள் கொட்டிவிடும். அதனால் முதல் வேலை, தரையில் ஒரு பழைய தமிழ்த் தாளையோ சாக்கையோ விரிப்பது. கொட்டியவற்றை ஒரு பால்டின் மூடியில் அள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றி அலசுவார்கள். தோட்டத்துச் செம்மண்ணும் பழைய கிரீசும் சேர்ந்து கறுஞ்சிவப்பாக இறங்கும். குண்டைத் துணியில் உருட்டித் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பளபளப்பு குன்றியிருந்தால், மேல்தோல் பொரிந்திருந்தால் அது போயிற்று. ஒன்று போயிருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டு அத்தனையும் மாற்ற வேண்டும் என்பது விதி. தேய்ந்த ஒன்பதுக்கு நடுவே புதிது ஒன்றைப் போட்டால், மயிரிழை பெரிதாக இருக்கும் அந்தப் புதியது முழுச் சுமையையும் தானே வாங்கிக்கொண்டு கப்பையும் கோனையும் குடைந்துவிடும். காசு இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். சில மாதத்தில் கோனுக்கும் சேர்த்துச் செலவு செய்தார்கள்.

பிறகு கப்பில் கிரீசை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்ட வைத்து, அச்சைச் செருகி, கோனைக் கையால் முடுக்குவார்கள். இங்கேதான் கைப்பழக்கம். கூடுதலாக முடுக்கினால் சக்கரம் அரைக்கும், குறைத்தால் ஆடும். கோனை முட்டும் வரை திருகி, சற்றே பின்வாங்கி, பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே திரும்பிவிடாமல் மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்கக் கருவி கிடையாது. சக்கரத்தைத் தூக்கி மெல்ல விட்டால், காற்றடைக்கும் வால்வின் எடைக்கே அது தானாகச் சுழன்று, வால்வு அடியில் வந்து நிற்க வேண்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டக்’ என்ற சத்தம் வரக்கூடாது. இரண்டும் சரி என்றால் வேலை முடிந்தது.

சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பெங் போன்ற சிற்றூர்களின் கடைத்தெருவில் இந்த வேலைக்குச் சீனர் சைக்கிள் கடைகள் இருந்தன. குண்டுகளை எண்ணிக்கையில் விற்பார்கள். தவுக்கே டப்பாவிலிருந்து எண்ணித் தாளில் மடித்துத் தருவார். தோட்டத்துக்குள்ளேயும் லயத்துக்கு ஒருவராவது கோன் ஸ்பேனர் வைத்திருப்பார். அவருக்குக் கூலி கிடையாது, ஒரு கோப்பித் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்த சைக்கிள்கள் மூன்று நான்கு நிற்கும். தீபாவளிக்கு முன்பும், மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பும் எண்ணிக்கை கூடும்.

இத்தனை அக்கறைக்குக் காரணம் எளிது. 1940 வாக்கில் பால்வெட்டும் ஆணுக்கு நாட்கூலி சுமார் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த வருமானத்தில் சைக்கிள் என்பது பல வருடச் சேமிப்பு, அல்லது கடன். 2025இல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஸ்கேட்போர்டுக்கு வேண்டிய எட்டுப் பேரிங் கொண்ட சாதாரண ஒரு செட் பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்கே இணையக் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு மணி நேரக் கூலி. அன்று குண்டைக் கழுவியது சிக்கனம். இன்று கழுவுவதை விட மாற்றுவது சிக்கனம் என்று எவரும் சொல்லலாம். கணக்கும் அப்படித்தான் காட்டும்.

இந்த எஃகு உருண்டைகள் எவ்வளவு தாங்கும் என்பதை ஈப்போ ஒரு கசப்பான டிசம்பரில் பார்த்தது. 1941 கடைசியில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து சைக்கிளில் இறங்கி வந்தது. ஈப்போ விழுந்து, சில நாளில் கம்பாரில் சண்டை நடந்தது. வெயிலில் டயர்கள் வெடித்தபோது சிப்பாய்கள் அவற்றை உரித்து எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான ரிம்கள் எழுப்பிய இரைச்சலை இரவில் கேட்ட எதிர்த்தரப்பினர் டாங்கிகள் வருகின்றன என்று எண்ணியதாகச் சொல்வார்கள். ரப்பர் கைவிட்ட பிறகும் குண்டுகள் ஓடின. உலக ரப்பரில் பெரும்பங்கு விளைந்த மண்ணிலேயே இது நடந்தது என்பது சரித்திரத்தின் குறும்பு.

ரப்பரும் குண்டும் ஏறத்தாழ ஒரே தலைமுறைப் பிள்ளைகள். 1869இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றபோது அவருடைய வண்டியில் சூரிரே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த குண்டுப் பேரிங் இருந்தது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் மரமாக நிற்கிறது. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் எஃகு உருண்டைகளை ஒரே அளவாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1888இல் டன்லப்பின் காற்று டயர் வந்தது. காற்று டயரால் சைக்கிள் பெருகியது, சைக்கிளுக்குப் பின் மோட்டார் வண்டி வந்தது, அந்த டயர்களுக்காகப் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரன்மார் காசு சேர்த்து வாங்கிய முதல் இயந்திரமும் சைக்கிள்தான்.

இடையில் வந்தது கப்சாய். 1958இல் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவின் குட்டி மோட்டார் சைக்கிளை இங்கே கொண்டுவரத் தொடங்கினார். எழுபதுகளில் தோட்டத்துக் கிராணிமார்களின் வாசலிலும், எண்பதுகளில் வெட்டுக்காரர்களின் வாசலிலும் அது நின்றது. சைக்கிள் கொட்டகை மெல்ல மோட்டார் கொட்டகை ஆனது. கப்சாயின் சக்கரத்தில் உதிரிக் குண்டு கிடையாது. மூடிய பேரிங் பக்கத்துக்கு ஒன்று, நடுவே ஒரு குழாய்த் துண்டு. கெட்டுப்போனால் சக்கரம் உறுமும், வளைவில் வால் ஆட்டும். ஒர்க்‌ஷாப்பில் நீண்ட கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, நடுக்குழாயைச் சற்று ஒதுக்கி, பேரிங்கின் உள்வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் அது வெளியே விழும். புதியதை வைத்து, பழைய பேரிங்கையே மேலே வைத்து, வெளிவளையத்தில் அடித்து இறக்குவார்கள். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழுத்தும். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பேரிங் பாதி செத்துவிடும். இது தெரிந்த மெக்கானிக்கும் உண்டு, தெரியாதவரும் உண்டு. வண்டியின் சொந்தக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெஞ்சுதான் பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. சைக்கிள்காரர் குந்தி உட்கார்ந்து தன் சக்கரத்தின் உள்ளே பார்த்தார். கப்சாய்க்காரர் காத்திருந்து காசு கொடுத்தார். குறை சொல்வதற்கு இல்லை. விடிகாலை நான்கரைக்கு எழுந்து முந்நூறு நானூறு மரம் வெட்டி, பால் தூக்கி, நிறுத்து முடித்துவிட்டு வந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையையும் குண்டு எண்ணுவதில் செலவிட வேண்டாம் என்ற நிலை வந்தது லாபம்தான். மூடிய பேரிங் வருடக்கணக்கில் கவனிப்புக் கேட்காமல் ஓடியது. அதைக் கொல்வதெல்லாம் மோட்டார் கழுவும் கடைகளின் அழுத்தத் தண்ணீர். அச்சுக்கு நேராகப் பீய்ச்சினால் மூடியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும்.

கழற்றிய பேரிங்குகளில் வளையம் உடையாதவை பிள்ளைகளுக்குப் போயின. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கும் பேரிங் வண்டி தெரியும். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று, நடுவே ஒரு பலகை, திருப்புவதற்கு ஆணி அடித்த குறுக்குக் கட்டை. கார், லாரிகளில் கழித்துப்போட்ட பெரிய பேரிங்தான் இதற்கு உதவும். செம்மண் தடத்தில் அது ஓடாது, புதையும். எங்கள் பக்கம் அது ஓடியது பால் ஸ்டோரின் சிமெண்டுத் தளத்திலும், ஆபீசிலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் தார்ச் சரிவிலும் மட்டும். டயர் இல்லாத எஃகு வளையம் தாரில் உருளும் ஓசை கிராணி வீடு வரை கேட்கும். அவர் வெளியே வருவதற்குள் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கழித்துப்போட்ட பேரிங்கின் கடைசி வருடங்கள் அப்படிக் கழிந்தன.

அந்தப் பால் ஸ்டோர்கள் இன்று இல்லை. 1988இல் மலேசியா 16 லட்சம் டன்னுக்கு மேல் இயற்கை ரப்பர் உற்பத்தி செய்து உலகில் முதலிடத்தில் இருந்தது. இப்போது ஆண்டுக்கு நான்கு லட்சம் டன்னுக்கும் கீழே. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. நகரத்தை ஒட்டிய இடங்களில் தாமான்கள் வந்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்களை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே தோட்ட உரிமையாளர் ஆக்க முயன்றார். அது சில தோட்டங்களைக் காப்பாற்றியது. காலத்தின் போக்கைத் திருப்ப அதனால் முடியவில்லை. லயத்தை விட்டவர்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும், செம்மோர் பக்கத்துக் குறைந்த விலை வீடுகளுக்கும், கோலாலம்பூருக்கும் போனார்கள். கோன் ஸ்பேனரை எடுத்துப்போனவர்கள் இருந்திருப்பார்கள். அதற்கு அங்கே வேலை இருந்திருக்காது.

இனி ஸ்கேட்போர்டுக்கு வருகிறேன். அதன் பூர்வீகத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது நம் சைக்கிள் கதையையே வேகமாகத் திரும்ப நடத்திக் காட்டுகிறது. அறுபதுகளில் கலிபோர்னியாவில் அந்தப் பலகைகளுக்குக் களிமண் கலவைச் சக்கரம். உள்ளே உதிரிக் குண்டுகளும் கோனும். கோன் தளர்ந்தால் ஓடும்போதே குண்டுகள் தெருவில் சிதறும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியுரித்தேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். எழுபதுகளின் நடுவில் மூடிய பேரிங் வந்தது. அதற்கென்று புதிதாக ஒன்றைச் செய்யவில்லை. தொழிற்சாலைகளில், சிறு மின்மோட்டார்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 608 என்ற எண்ணை எடுத்துப் பொருத்தினார்கள். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. சைக்கிள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உதிரிக் குண்டோடு வாழ்ந்தது. ஸ்கேட்போர்டு பதினைந்து இருபது வருடத்தில் அதைத் தாண்டிவிட்டது.

2000 வாக்கில் உலகெங்கும் மடக்கு ஸ்கூட்டர் மோகம் பரவியபோது அதன் சக்கரத்திலும் இதே 608 இருந்தது. உருளைச் சறுக்குக் காலணியிலும் இதே. மெல்பர்னில் வாங்கிய பலகைக்கு மஞ்சோங்கில் பேரிங் வாங்கலாம். தவுக்கேயிடம் ‘ராலேக்கா, ஹெர்குலிசுக்கா’ என்று கோன் தேடி டப்பா டப்பாவாகக் கிளறிய காலத்தை நினைத்தால், ஒரே எண் எல்லாவற்றுக்கும் என்பது சிறிய விடுதலை அல்ல. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து மட்டும்தான் பார்க்க வேண்டும்: இசட்இசட் என்றால் இருபுறமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி.

மாற்றுவதும் எளிது. ஸ்கேட்போர்டில் அச்சு நட்டு அரை அங்குலம். சக்கரத்தை உருவி, அச்சின் நுனி ஒரு பேரிங்கின் துளையில் மட்டும் இருக்கும்படி மாட்டி, சாய்த்து நெம்பினால் பேரிங் கழன்று வரும். புதியதை அச்சிலேயே செருகி, அதன்மேல் சக்கரத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் உட்காரும். இடையில் போடும் சிறு குழாயை மறந்துவிடக்கூடாது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டு பேரிங்கின் உள்வளையமும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டுக் குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். காலுந்து ஸ்கூட்டரில் அச்சின் இரு முனையிலும் ஆலன் போல்ட். உள்ளே அதே இரண்டு பேரிங், நடுவே அதே குழாய். தட்டிக் கழற்றும் முறையும் கப்சாயுடையதே. கப்சாயின் சக்கரத்தை உள்ளங்கைக்குள் அடங்குமளவு சுருக்கினால் குழந்தையின் ஸ்கூட்டர் சக்கரம் வந்துவிடும்.

அளவு சுருங்கியதால் ஒன்று நேர்ந்தது. 28 அங்குலச் சைக்கிள் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றும். 54 மில்லிமீட்டர் ஸ்கேட்போர்டு சக்கரம் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 5,900 முறை சுற்ற வேண்டும். பதின்மூன்று மடங்கு. அதோடு சைக்கிளின் அச்சு தரையிலிருந்து ஓர் அடிக்கும் மேலே. ஸ்கேட்போர்டின் அச்சு ஓர் அங்குல உயரத்தில். ஈப்போவின் தூசியும், மத்தியானத்துக்கு மேல் கொட்டும் மழையில் தேங்கும் தண்ணீரும் அதற்கு முகத்துக்கு நேரே. பேரிங் எஃகு துருப்பிடிக்காத எஃகு அல்ல. நனைந்த பலகையை இரவு முழுக்க வீட்டு மூலையில் சாய்த்து வைத்தால் காலையில் சக்கரம் முனகும். ஒரு வாரம் விட்டால் நின்றுவிடும்.

இதனால்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. கப்சாய்க்காரர் விட்டுவிட்ட வேலையை ஸ்கேட்போர்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புந்தோங்கில் ஒரு வீட்டு வாசலில் பார்த்தேன். பதினான்கு வயதுப் பையன் ஊசி முனையால் பேரிங்கின் ரப்பர் மூடியை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான். எட்டுப் பேரிங், எட்டு மூடி, ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே திரவம் கறுத்திருந்தது. அவனுடைய தாத்தா, தஞ்சோங் ரம்புத்தான் பக்கத் தோட்டத்தில் பால்வெட்டியவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அது மண்ணெண்ணெயா?”

“தின்னர் தாத்தா.”

“தின்னர்ல அந்த ரப்பர் மூடி ஊதிப்போகும்ப்பா. மண்ணெண்ணெய் வாங்கிட்டு வா.”

“எங்க தாத்தா கிடைக்கும் இப்ப?”

கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் விளக்கும் அடுப்பும் எரிந்த பொருள், இன்று ஹார்ட்வேர் கடையில் கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது. தாத்தா சொன்னதும் சரி. தின்னர் ரப்பர் மூடியை உப்பவைக்கும். உள்ளே குண்டுகளை இடம் பிரித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கூண்டையும் கெடுக்கலாம். பையன் மூடிகளை மட்டும் அதில் போடாமல் தனியே வைத்திருந்தான், தற்செயலாக. தாத்தா அலசிய பேரிங் ஒன்றை வாங்கி, உள்வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டி, வெளிவளையத்தைச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். “இன்னும் மண்ணு இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். பையன் மறுபடி அலசினான். அந்த வீட்டில் அவனுடைய அப்பா கப்சாய் வைத்திருக்கிறார். அவருக்கு இந்தப் பேச்சில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் முழு வேலையும் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பையன் கழுவலாம், உலர்த்தலாம், இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம், மூடியைத் திரும்ப அழுத்தலாம். குண்டை மாற்ற முடியாது, இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடியாது. அந்தச் சரிசெய்தல் தொழிற்சாலையிலேயே முடிந்து முத்திரை வைக்கப்பட்டுவிட்டது. தாத்தாவின் கை கோனைப் பின்வாங்கி நிறுத்திய அந்த மயிரிழை அளவுக்கு இப்போது மைக்ரானில் ஒரு எண் உண்டு. எந்தக் கையும் அந்த எண்ணை எட்டியதில்லை. பேரிங் நல்லதாகிவிட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நல்லதாகிவிட்டதை விற்கும் பேச்சுத்தான் மோசமாகிவிட்டது. ஏபெக் 5, ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு, எண் ஏற ஏற வேகம் ஏறும் என்று பிள்ளைகளை நம்ப வைக்கிறார்கள். ஏபெக் என்பது வளையங்களின் அளவு எவ்வளவு துல்லியம் என்று சொல்லும் தரவரிசை மட்டுமே. குண்டின் தரத்தையோ, எண்ணெயையோ, மூடியையோ அது சொல்லாது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் ஸ்கேட்போர்டின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்று சுற்றுகிறது. சாதாரண 608 இருபதாயிரத்துக்கும் மேல் தாங்கக் கூடியது. அந்தப் பையனுக்கு ஏபெக் 9 வாங்கிக் கொடுப்பது, வாசலில் கோலம் போடக் கல்வெட்டுச் சிற்பியைக் கூப்பிடுவது. சைக்கிள் கடையில் தவுக்கே சக்கரத்துக்கு இரண்டு வகைக் குண்டு வைத்திருந்தார், சின்னது, பெரியது. ஏமாற்ற நினைத்தாலும் அதற்கு மேல் வழியில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ரப்பர்த் தோட்டத்துச் சைக்கிள் அந்தத் தோட்டத்துப் பாலில்தான் ஓடியது; டயர், டியூப், பிரேக் கட்டை, மிதிக்கட்டை எல்லாம் இயற்கை ரப்பர். ஸ்கேட்போர்டின் சக்கரம் பாலியுரித்தேன். அச்சுக் கட்டையைத் திருப்ப உதவும் புஷ்ஷும் அதுவே. பேரிங்கின் கறுப்பு மூடியை ரப்பர் என்கிறோம். அது பெரும்பாலும் நைட்ரைல், பெட்ரோலியத்திலிருந்து வருவது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறிப்போகும், நைட்ரைல் தாங்கும் என்பதால் அந்தத் தேர்வு சரியானதே. கித்தா மரம் நின்ற நிலத்தில் எழுந்த தாமானில் ஒரு பிள்ளை ஸ்கேட்போர்டு ஓட்டுகிறது. அந்தப் பலகையில் ஒரு சொட்டு மரத்துப் பால் இல்லை.

ஓட்டும் இடமும் சுருங்கிவிட்டது. தோட்டத்தில் சாலை இருந்தது, லாரி எப்போதாவது வரும். நகரத்தில் சாலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு இல்லை. அன்று சைக்கிளுக்கே வரி கட்டித் தகடு மாட்ட வேண்டியிருந்தது. கட்டினால் சாலையில் ஓட்டலாம். 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதியின்படி மின் ஸ்கூட்டர் உள்ளிட்ட குறுவாகனங்களைச் சாலையில் ஓட்டவே தடை. விபத்துகளைப் பார்த்தால் தடைக்குக் காரணம் உண்டு. டி.ஆர். சீனிவாசகம் பூங்கா போன்ற இடங்களும், தாமானின் முட்டுச்சந்துகளும், மூடிக்கிடக்கும் கடைகளின் ஐந்தடி நடைபாதையுமே மிச்சம். அதனால் இன்றைய 56 குண்டுகள் வேகமாகச் சுழன்றாலும் தூரம் போவதில்லை. அன்றைய 38 குண்டுகள் செம்மண்ணை அரைத்துக்கொண்டே சுங்கை சிப்புட் சந்தைக்கும், கல்லுமலைத் தைப்பூசத்துக்கும், அடுத்த தோட்டத்துக் கல்யாணத்துக்கும் போய் வந்தன.

எது மேல் என்று கேட்டால், பேரிங்கில் இன்றையதே மேல் என்பேன். தயங்காமல். மலிவு, சீர், எங்கும் ஒரே அளவு; குழந்தை ஒன்று சக்கரம் சிக்கிக் கீழே விழும் வாய்ப்பும் குறைவு. போனது பேரிங் அல்ல, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு லயம் முழுவதற்கும் தெரிந்திருந்த நிலை. அதுவும் முழுதாகப் போய்விடவில்லை என்று புந்தோங் வாசலில் பார்த்தேன்.

ஆகவே பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சக்கரம் முனகத் தொடங்கியதும் கைப்பேசியை எடுத்துப் புது செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய் அரைக் கோப்பை, பழைய பல்துலக்கி ஒன்று, தையல் இயந்திர எண்ணெய் ஒரு குப்பி வாங்கிக் கொடுங்கள். அடுப்பங்கரைக்கு வெளியே, காற்றோட்டமான வாசலில் உட்காரச் சொல்லுங்கள். டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது துருவை இளக்கும், ஈரத்தை விரட்டும், சுழலும் பேரிங்குக்கு எண்ணெயாக நிலைக்காது. கழுவிய பிறகும் சுண்டிவிட்டால் கரகரத்தால், அப்போது மாற்றலாம். எட்டையும் சேர்த்து மாற்றுங்கள், நடுக்குழாயைத் தொலைக்காதீர்கள். வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் யாராவது இருந்தால், கழுவிய பேரிங்கை ஒரு தடவை அவரிடம் கொடுத்துக் காட்டிவிட்டு மூடியைப் போடச் சொல்லுங்கள்.